இரட்டைக் கதிர்க் கொட்டி

தண்ணீர் கொதித்துவிட்டது. ஹீட்டரை அணைத்தாயிற்று, பீக்கரில் போட்டாயிற்று, இனி இருபது நிமிடம். காய்ந்த பூவை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் குளத்தில் பறித்த அன்றைக்கு இருந்த மாதிரியே மெத்தென்று ஆகிவிடும், அதற்குள் தொட்டால் பொடிந்து போகும் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாவரவியலுக்கு வரவேண்டாம், பக்கத்துக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அங்கே போங்கள் என்று விரட்டியும் இருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பொறுமை எங்கே போனதென்று தெரியவில்லை. மணி மூன்று ஐந்து. மூன்று இருபத்தைந்துக்குப் பார்க்கலாம். நாலு மணிக்கு ஹாலில் கூட்டம். பீக்கருக்குள் கிடப்பது ஒரு விரல் நீளம்கூட இல்லை. ஒரு காம்பு, அதன் உச்சியில் கவடு மாதிரிப் பிரிந்து இரண்டு கதிர்கள், கதிர் முழுக்கக் காய்ந்து பழுப்பான சின்னச் சின்னப் பூக்கள். அந்தக் கவடு செடியிலேயே விளைந்தது என்றால் வெந்நீரில் எத்தனை நேரம் கிடந்தாலும் பிரியாது. பசை போட்டு ஒட்டியது என்றால் பிரிந்துவிடும். கேள்வி அவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். பிரிந்தால், பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் புதிதென்று அறிவித்த செடி ஒன்று இல்லையென்று ஆகும். அதற்கு வைத்த பெயர் விழும். அந்தப் பெயருக்குரிய மனுஷர் மந்திரமூர்த்தி இன்னும் ஐம்பத்தைந்து நிமிடத்தில் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காரப் போகிறார்.

மந்திரமூர்த்தியண்ணன் எங்கள் துறை அட்டெண்டர். முப்பத்திநாலு வருடம் முடிந்து இன்றோடு ஓய்வு. செடிகளை அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டி அடுக்கியிருக்கிற இந்த அறைக்கு ஹெர்பேரியம் என்று பெயர், இங்கே இருக்கிற பன்னிரண்டாயிரம் தாளில் பாதிக்குமேல் அவர் கைபட்டது. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்து அவர் போடுகிற பசையைப் பூச்சி எட்டிப் பார்க்காது. கிழிந்த இலை, ஒடிந்த காம்பு, எதைக் கொடுத்தாலும் ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டுவார், என் மூக்குக்கண்ணாடியின் காலைக்கூட ஒட்டித் தந்திருக்கிறார். ஒரு செடிக்கு அட்டெண்டர் பெயரை வைத்தது இந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவர் பெயரை வைப்பார்கள், துணைவேந்தர் பெயரை வைப்பார்கள், ஒருவர் தன் மாமனார் பெயரையே வைத்தார். நான் மந்திரமூர்த்திக்கு ஒரு லத்தீன் வாலை மாட்டி வைத்தேன். அதில் எனக்குப் பெருமை, கொஞ்சநஞ்சப் பெருமை இல்லை. அவர் அந்தச் செடியின் படத்தைச் சட்டம் போட்டு வீட்டு நடையில் மாட்டியிருக்கிறார். இப்போது ஹாலில் பேனர் கட்டுகிறார்கள், அதிலும் அந்தப் படம்தான். ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்று யாரோ பத்து நிமிடமாகக் கத்திக்கொண்டிருக்கிறான், டெஸ்டிங் முடிவதற்குள் மைக் செத்துவிடும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, போன வாரம் புனேயிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வரும்வரை. எங்கள் செடி சேர்ந்த கொட்டி இனத்தை ஆராய்கிறாளாம். தங்கள் தாளின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டு கதிரும் பிரிகிற இடத்தில் மினுக்கமாக ஒரு கோடு தெரிகிறது, என் கண்ணின் குறையாகவும் இருக்கலாம், நேரம் கிடைத்தால் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். எத்தனை மரியாதை. கத்துகிறவர்களிடம் எனக்குப் பயமில்லை, மரியாதையாகக் கேட்கிறவர்களிடம்தான் பயம். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். இன்டர்னல் மார்க் போட வேண்டும், வைவா இருக்கிறது, தலைவலி. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இன்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன், நாலு மணிக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். பொய்யாக இருந்தால் அந்தப் பொய்யை வைத்து அந்த மனுஷரை மேடையில் உட்காரவைக்க மாட்டேன். நாளைக்குப் பார்த்தால் என்ன என்று காலையிலிருந்து நூறு தடவை மனது கேட்டுவிட்டது, நூறு தடவையும் வாயை மூடு என்று சொல்லிவிட்டேன்.

மூன்று ஒன்பது. கவடு அப்படியே இருக்கிறது. நிறம் மட்டும் லேசாக மாறுகிறது, பழுப்புக்குள்ளிருந்து ஒரு வெளிர் ஊதா வருகிறது. இதே நிறம்தான் குளத்தில். கொட்டியை நம் ஜனங்களுக்குக் கிழங்காகத்தான் தெரியும், வற்றின குளத்தில் சேற்றைக் கிளறி எடுத்து அவித்துத் தின்கிற கொட்டிக்கிழங்கு. கோடை முழுக்க அந்தக் கிழங்கு வெடித்த களிமண்ணுக்குள் கிடக்கும், மேலே ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், அது பாட்டுக்குக் கிடக்கும். மழை வந்து குளம் நிறைந்ததும் முளைத்து, நீளக் காம்பில் இலையை மேலே அனுப்பித் தண்ணீரில் படுக்கவைக்கும். அப்புறம் கதிர். ஒரு மெல்லிய உறைக்குள் மூடிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஏறி வந்து, மேலே தலை காட்டியதும் உறையை உதிர்த்துவிட்டுப் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் இதழ் மாதிரி இரண்டே இரண்டு, ஆறு மகரந்தக் கேசரம், மூன்று சூலறை. கடுகளவு பூவுக்குள் இத்தனை ஒழுங்கு. கல்யாணமான புதிதில் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன், இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்றார். கொட்டிப் பேரினத்தின் லத்தீன் பெயரே இத்தாலியில் ஏதோ ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்து வீடு என்று அர்த்தம் வருகிற பெயர். ஆப்பிரிக்காவில் இருக்கிற வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு காம்பில் இரண்டு கதிர், நம் பக்கம் பெரும்பாலும் ஒற்றைக் கதிர், மேற்கு மலையில் வடக்கே தள்ளி ஒரு வகைக்கு இரட்டை. அதனால்தான் நம் சமவெளிக் குளத்தில் இரட்டைக் கதிர் என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் துறையின் முத்திரையே இரட்டைக் கதிர் ஆயிற்று. பிள்ளைகள் டீ ஷர்ட்டில் அடித்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் குளத்துக்கு மூக்கறுத்தான் குளம் என்று பெயர், பெயரிலேயே எச்சரிக்கை இருந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. தை மாதம். நான் கரையில் நின்றேன். இதுதான், இந்த இடத்தில்தான் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன், நான் தண்ணீரில் இறங்கினேனா? இறங்கினேன், முழங்கால்வரை இறங்கினேன், காலில் அட்டை கடித்தது, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன், மந்திரமூர்த்தியண்ணன் கெக்கெக்கென்று சிரித்துவிட்டு அவரே நெஞ்சுவரை போனார். அவர் பறித்துப் பறித்துக் கொடுத்ததை நான் ஈரச் செய்தித்தாளில் சுற்றினேன். அப்போது இரட்டைக் கதிரைப் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் பதினோரு வருடமாகச் சொல்லிவருகிறேன். கருத்தரங்குகளில், தண்ணீரின் மேல் ஜோடியாக நின்ற அந்தக் கதிர்களைக் கண்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது என்று சொல்லுவேன், சொல்லும்போது சிலிர்க்கவும் செய்யும். ஆனால் கண்ணை மூடிக் குளத்தைக் கொண்டுவந்தால் அட்டை வருகிறது, அவர் சிரிப்பு வருகிறது, செய்தித்தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் வருகிறது, ஜோடிக் கதிர் வரமாட்டேன் என்கிறது. அன்றைக்கு மாலை மகளுக்குச் சிக்கன்குனியா, போன் வந்தது, எல்லாவற்றையும் அவரிடம் போட்டுவிட்டு ஓடினேன். அழுத்தி வைத்தது அவர், தினமும் தாள் மாற்றியது அவர், ஒட்டியது அவர். பதினாறு நாள் கழித்து நான் வந்தபோது தாள் தயாராக மேஜைமேல் இருந்தது. ஒரு காம்பு, இரண்டு கதிர். நான் துள்ளினேன். ஐம்பது கிலோ அரிசி மூட்டை மாதிரி இருந்துகொண்டு துள்ளினேன். அவர் அந்த ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடக்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒன்பது மழைக்காலம் அந்தக் குளத்துக்குப் போனேன். ஒற்றைக் கதிர், ஒற்றைக் கதிர், எங்கே பார்த்தாலும் ஒற்றைக் கதிர். இந்த வருடம் மழை பிந்திவிட்டது என்றேன், மீன் குத்தகைக்காரன் மருந்து போட்டுவிட்டான் என்றேன், தூர் வாரியதில் போய்விட்டது என்றேன். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். கட்டுரையிலேயே ஒரு வரி போட்டு வைத்திருந்தேன், சில சமயம் ஒற்றைக் கதிரும் காணப்படும் என்று. அந்த ஒரு வரியில் குளம் முழுவதையும் அடைத்துவிட்டேன். மணி என்ன? மூன்று பதினேழு. பிரியவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆகியும் பிரியவில்லை. மைதா என்றால் இந்நேரம் இளகியிருக்காதா? இளகியிருக்கும். அப்படியானால் நிஜம். அப்படியானால் புனேக்காரிக்கு இன்று மாலையே எழுதலாம், அன்புள்ள சகோதரி, வெந்நீரில் ஊறவைத்துச் சோதித்தேன், கவடு உறுதியாக இருக்கிறது. உறுதியாக என்ற சொல் நன்றாக இருக்கும். இப்போதே எடுத்துவிட்டால்? இருபது நிமிடம் என்பது நான் சொல்லிக் கொடுத்த கணக்குதானே, பன்னிரண்டு நிமிடமும் ஒரு கணக்குதான், இடுக்கியால் எடுத்து, துடைத்து, உலர்த்தி, உறையில் போட்டு, புதுப் புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலாம். கை இடுக்கிவரை போய்விட்டது. சீ. எடுக்கமாட்டேன். எடுத்தால் இன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது. ஞானபாய், கையை மடியில் வை, மூன்று இருபத்தைந்துவரை கையை மடியில் வை.

துடைத்து என்று ஏன் நினைத்தேன்? இடுக்கியால் எடுத்து, துடைத்து. வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம். அந்த ஊசியின் ஞாபகம் ஒரு வாரமாக வாசலில் நிற்கிறது, நானும் வேறு வேலை இருப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். சரி, வரட்டும். வந்து தொலையட்டும். தாளைப் பார்த்துத் துள்ளிய அன்றைக்கு எல்லோரும் போன பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கவட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ரவையில் பாதி. பூஞ்சை என்று நினைத்தேன். இல்லை, பூஞ்சை என்று நினைக்க விரும்பினேன். முப்பது வருடம் பூஞ்சை பார்த்தவளுக்குப் பூஞ்சைக்கும் மைதாவுக்கும் வித்தியாசம் தெரியாதா? அப்போது பத்தொன்பது வருடம், அதுவும் போதாதா? ஊசி முனையால் அதைச் சுரண்டினேன். மறுபடி லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போடவில்லை. ஊசியைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தேன், ரொம்ப அழகாக வந்தது படம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்காவது கை வலிக்கும், நான் ஊசி முனையால் மறைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே இப்போதுதான் முழுதாகச் சொல்கிறேன். இனிமேல் நடக்கப்போவதும் எனக்குத் தெரியும், அதுதான் எனக்குப் பயம். கவடு பிரிந்து நான் திருத்தம் எழுதினால் ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும், ஆனால் சிரிப்பு என்மேல் நிற்காது, அட்டெண்டர் ஒட்டிவிட்டானாம், பாவம் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லையாம் என்று அவர்மேல் போய் உட்காரும். படித்தவளின் தப்பு எப்போதும் அப்படித்தான் இறங்கி ஓடும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி. ஓட விடமாட்டேன். அது மட்டும் நடக்காது.

மூன்று இருபத்திரண்டு. தண்ணீர் கலங்குகிறது. நான் அசைக்கவில்லை, மேஜையும் அசையவில்லை. கவட்டைச் சுற்றி மெல்லிசாக வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கிளம்பிப் பரவுகிறது, கஞ்சித் தண்ணீர் நிறம். ஒரு கதிர் லேசாகச் சாய்கிறது. சாய்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல், அது தனியாகப் போய் மேலே மிதக்கிறது. மற்றது காம்போடு அடியிலேயே நிற்கிறது. தனியாகப் போனதன் அடிமுனை முறிந்த முனை, நன்றாகத் தெரிகிறது, லென்ஸ்கூட வேண்டாம். நான் இன்னும் மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சொன்ன நேரம் சொன்ன நேரம்தான். பிறகு இரண்டையும் எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சேர்ந்த தழும்பு இல்லை. நாரோடு நார் ஓடவில்லை. இரண்டு கொட்டிச் செடியின் இரண்டு ஒற்றைக் கதிர்கள், நம் குளத்தில் மாடு மிதிக்கிற சாதாரணக் கொட்டி. எனக்கு அழுகை வந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, அழுதேன். அழுதுகொண்டே சின்னச் சீட்டை எடுத்து இந்தத் தாளில் இருப்பது சாதாரணக் கொட்டி என்று எழுதி, கீழே என் பெயரும் தேதியும் போட்டேன்.

கதவு தட்டிவிட்டு மந்திரமூர்த்தியண்ணன் தலையை நீட்டினார். காக்கிச் சட்டைக்குப் பதில் வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருநீறு. பிரின்சிபால் தேடுகிறார், வருதியளா மேடம் என்று கேட்டார். உள்ளே வந்து கதவைச் சாத்தச் சொன்னேன். அவர் கண் மேஜைக்குப் போயிற்று. புதிதென்று அறிவித்த செடியின் தாளுக்கு மட்டும் போடுகிற சிவப்பு உறை, தாள், பீக்கர், கண்ணாடித் தட்டு. முப்பத்திநாலு வருடம் இந்த அறையில் இருந்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டாம். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பிரிஞ்சிட்டோ" என்றார்.

"பிரிஞ்சிட்டுண்ணே."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேட்டிக்கரையை விரலால் நீவிக்கொண்டே சொன்னார், செடிகளை அழுத்தி வைத்த பிரஸ்ஸைத் திறந்த அன்றைக்கு ஒரு கதிர் காம்பில்லாமல் ஒடிந்து கிடந்ததாம், எந்தச் செடியுடையது என்று தெரியவில்லையாம், முழுசாக இருந்த காம்பில் வைத்துப் பார்த்தால் பொருந்தியதாம். ஒடிந்ததை ஒட்டுவதுதானே அவர் வேலை, ஒட்டினாராம். நான் வந்து பார்த்துவிட்டுத் துள்ளியதும் அவருக்குச் சொல்ல மனசு வரவில்லையாம்.

"பேரு வைக்கப் போறேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். கோபம் கொஞ்சம் வந்துவிட்டது, வரக்கூடாத கோபம்.

"சொல்லியிருக்கலாம்." தாளின் மூலையில் இருந்த பெயர்ச் சீட்டை விரலால் தொட்டார். "பேரு நல்லாருந்துச்சு மேடம்."

அந்தப் பெயர் இனி என்ன ஆகும் என்று கேட்டார். பெயர் வைக்கிற விதியைச் சொன்னேன், அச்சில் வந்த பெயரை யாரும் அழிக்க மாட்டார்கள், சரியான பெயருக்குக் கீழே தப்பான பெயர் என்று போட்டு வைத்திருப்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே பெயர் வைத்தவள் என்று என் பெயரும் இருக்கும், உலகம் உள்ளவரைக்கும் இருக்கும் என்றேன். தலையை ஆட்டினார். ஹாலில் மகளும் பேத்திகள் இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பிரின்சிபால் அந்தச் செடியைப் பற்றித்தான் முதலில் பேசுவார் என்றும் சொன்னார். கூட்டம் முடிந்து சாவகாசமாக நாளைக்கு எழுதிக்கொள்ளலாமே என்று அண்ணன் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை.

"ஏற்புரைல நானே சொல்லிருதேன்" என்றார். "ஒட்டுனது நாந்தான. நீங்க சொன்னா நல்லாருக்காது. எம்மேல பழி போடுதியன்னு நெனப்பாவ."

"நீங்க ஒட்டுனதச் சொல்லுங்க. நான் தொடச்சதச் சொல்லுதேன்."

எதைத் துடைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். லென்ஸ், வெள்ளைப் புள்ளி, ஊசி முனை, புடவைத் தலைப்பு, எல்லாவற்றையும் சொன்னேன், பூஞ்சை என்று நினைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் தோள் மெல்லக் கீழே இறங்கியது.

"பதினோரு வருசமா நான் ஒருத்தன்தான் கள்ளன்னுல்லா நெனச்சிட்டுக் கெடந்தேன்" என்றார்.

ஹாலில் மைக்கில் எங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், அவர் அறைக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.